பழைய மடிகணினியை விற்கும்போது யாருடைய விபரங்களை விற்கிறோம்?

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்புபவர்கள் பதிவு செய்து 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பைப் பெறலாம். அதற்குப் பிறகு வின்டோஸ் 11 இற்கு மாறவேண்டும் என்றால், இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ உள்ள இயந்திரம் தேவை. ஏறத்தாழ 2017 இற்கு முன்னர் வந்த மடிகணினிகள், இன்றும் குறையில்லாமல் வேலை செய்தாலும், இந்தக் கணக்கில் தகுதியற்றவை.

அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இந்த வணிக முடிவின் விளைவைச் செங்கலடிச் சந்தியில் நின்றும் பார்க்கலாம். பதுளை வீதி, மட்டக்களப்பு–திருகோணமலை வீதியைத் தொடும் இந்த இடத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், கள உத்தியோகத்தர்கள் என்று கணினி இல்லாமல் வேலை பார்க்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி. 2020 இல் கொரோனாவோடு வந்த ஒன்லைன் வகுப்புகள் கணினியே இல்லாத வீடுகளையும் ஒன்று வாங்கத் தள்ளின. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. புதிய மடிகணினி சாதாரண குடும்பத்துக்கு எட்டாப் பொருளானதால், பாவித்த மடிகணினிக்குச் சந்தை உருவானது. வெளிநாடு போகிறவர் விற்கிறார், பல்கலைக்கழகம் முடித்தவர் விற்கிறார், அலுவலகங்கள் ஏலத்தில் விடுகின்றன.

இதில் தவறேதும் இல்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும் இயந்திரம் குப்பைமேட்டுக்குப் போவதைவிடக் கைமாறுவது நல்லது. ஆனால் இயந்திரத்தோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் கைமாறுகிறது என்பதை நாம் பெரிதாகப் பேசுவதில்லை.

அழித்தது எங்கே போகிறது?

நான் ஒன்பது வருடங்கள் பாவித்த மடிகணினியை விற்பதற்காக விலை விசாரித்தபோது, கடைக்காரர் சொன்ன முதல் வார்த்தையே, “தங்கச்சி, ஒன்றுக்கும் யோசிக்காதீங்க. வின்டோஸ் அடிச்சு விட்டா எல்லாம் போயிரும்” என்பதுதான். “போனது திரும்ப வராதா அண்ணா?” என்று கேட்டேன். “வேணுமெண்டா எடுக்கலாம், அதுக்கு வேற சொப்ட்வெயார் இருக்கு” என்று சிரித்தார். இரண்டு பதிலும் ஒரே ஆளிடமிருந்து, ஒரே நிமிடத்தில் வந்தன. இரண்டாவதுதான் சரியான பதில்.

ஒரு கோப்பை அழிக்கும்போது கணினி அந்தக் கோப்பைத் துடைப்பதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை எடுத்துவிட்டு, “இந்த இடம் காலி, வேறு எதையும் எழுதலாம்” என்று மட்டும் பதிந்துகொள்கிறது. நூலகத்தின் அட்டவணையிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்துவிட்டு, புத்தகத்தைத் தட்டிலேயே விட்டுவிடுவது போன்றது இது. புதிதாக ஏதாவது அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், அவசரமாக ‘குயிக் போர்மட்’ செய்தாலும், மேலே புதிய வின்டோஸ் ஒன்றை அடித்தாலும் பழைய வகை ஹாட் டிஸ்க்கில் நடப்பது பெரும்பாலும் இதுதான். ரெகுவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களால் அவற்றில் பலவற்றை மீட்டுவிடலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலாத் ஆகிய இருவரும் பழைய ஹாட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து 2003 இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். இயங்கிய 129 டிஸ்க்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் 5,000 இற்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும் மருத்துவ விபரங்களும் காதல் கடிதங்களும் கிடந்தன. 2019 இல் ஜப்பானின் கனகாவா மாகாண அரசு பாவித்த 18 டிஸ்க்குகள், அழிப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட நிறுவனத்தின் ஊழியரால் திருடப்பட்டு இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர் மீட்டுப் பார்த்தபோது வரி செலுத்துவோரின் விபரங்கள் வந்தன. ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டிலேயே இது நடந்தது.

68 டொலருக்கு 2,632 பேர்

இவற்றையெல்லாம்விட எங்கள் பகுதிக்கு நெருக்கமான உதாரணம் ஆப்கானிஸ்தானுடையது. 2022 இல் ஜேர்மனியின் ‘கேயொஸ் கொம்பியூட்டர் கிளப்’ என்ற அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்க இராணுவம் பாவித்த உயிரியல் அடையாளக் கருவிகள் சிலவற்றை ஈபே தளத்தில் வாங்கினார்கள். அவற்றில் ஒன்றின் விலை 68 டொலர். அதன் நினைவக அட்டையில் 2,632 பேரின் பெயர், நாடு, புகைப்படம், கைரேகை, கருவிழிப் பதிவு ஆகியவை அப்படியே இருந்தன. பெரும்பாலானவர்கள் ஆப்கானிஸ்தானையும் ஈராக்கையும் சேர்ந்தவர்கள். தேடப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அமெரிக்கப் படையுடன் சேர்ந்து வேலை செய்தவர்களும் இருந்தார்கள். கருவி கடைசியாகப் பாவிக்கப்பட்டது 2012 இல், கந்தகாருக்கு அருகே. பத்து வருடங்கள் கழித்து, தலிபான் ஆட்சிக்குத் திரும்பிவிட்ட நிலையில், அந்தப் பட்டியல் 68 டொலர் வைத்திருக்கும் எவரும் வாங்கக்கூடிய பொருளாகத் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

பட்டியல் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். பட்டியலில் இருந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். யுத்தம் நடந்த இடங்களில் பட்டியல் என்றால் என்ன என்பதைக் கிழக்கில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெயர் பதிவு, சுற்றிவளைப்பு, தலையாட்டி என்று ஒரு தலைமுறை அதற்குள்ளேயே வாழ்ந்து முடித்திருக்கிறது.

என்னுடையது மட்டுமல்ல

சுயாதீன ஊடகவியலாளரின் மடிகணினியில் அவரது சொந்தப் படங்களும் வங்கி விபரங்களும் மட்டும் இருப்பதில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பர் 15 இல் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஒக்டோபர் 8 இல் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கலடி மத்திய கல்லூரி விழாவுக்கு வந்தபோதும் அவர்கள் வீதியில் நின்றார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் மீது பொலிஸார் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். நவம்பர் 5 இல் போராட்டத்துக்கு ஆதரவு தெரிவித்துவிட்டுத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் கைதானார்கள்.

இப்படியான நாட்களில் எடுக்கப்படும் நூற்றுக்கணக்கான படங்களில் பிரசுரமாவது இரண்டோ மூன்றோதான். மீதிப் படங்களில் முகங்கள் மறைக்கப்படாமல் இருக்கும். பெயர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசியவரின் குரல், பெயரோடும் ஊரோடும் சேமிக்கப்பட்ட ஒலிக்கோப்பாக இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நம்பித் தந்த அடையாள அட்டைப் பிரதிகள், முறைப்பாட்டு இலக்கங்கள், தொலைபேசி எண்கள் இருக்கும். என்னுடைய பழைய மடிகணினியிலும் இவையே அதிகமாக இருந்தன. தந்தவர்கள் எனக்குத்தான் தந்தார்கள்; அதை வாங்கப்போகிறவருக்குத் தரவில்லை.

ஆபத்தைக் கற்பனையில் பெருப்பிப்பதாக யாரும் நினைக்கத் தேவையில்லை. 2020 நவம்பரில் மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஒருவர் முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 மே 18 இல் கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் ஈடுபட்ட 10 பேர் அதே சட்டத்தின் கீழ் கைதாகி மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2025 ஓகஸ்ட்டில் முல்லைத்தீவு புகைப்பட ஊடகவியலாளர் கணபதிப்பிள்ளை குமணனைப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு விசாரணைக்கு அழைத்தது. 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தின் நிழலில் ஒரு பழைய படம் எப்போது, யாருக்கு எதிராக, எந்த அர்த்தத்தில் வாசிக்கப்படும் என்பதை எடுத்தவராலும் சொல்ல முடியாது.

ஊடகவியலாளர்களோடு இது முடிவதுமில்லை. எங்கள் ஊர்களில் அதிக விபரங்கள் குவிந்திருக்கும் கணினி, சந்தியில் உள்ள ‘கொமினிகேசன்’ கடையின் கணினி. அஸ்வெசும விண்ணப்பம், கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டு வேலைக்கான பத்திரம் என்று எல்லாமே அங்குதான் ஸ்கேன் செய்யப்படுகின்றன. வட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுக்கப்படுகின்றன. அச்செடுத்த தாளை நாம் கொண்டுவந்துவிடுகிறோம். பிரதி கடையின் ‘டவுன்லோட்ஸ்’ பெட்டியில் தங்கிவிடுகிறது. 12 இலக்கத் தேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் பார்த்தே வயதும் பாலும் தெரிந்துவிடும். முகவரியும் படமும் கையெழுத்தும் சேர்ந்த பிரதி ஒன்று ஏமாற்றுக்காரருக்குக் கிடைத்தால், அந்தப் பெயரில் சிம் எடுக்கவும் கடன் விண்ணப்பிக்கவும் முயற்சி செய்யலாம்.

அடுத்தது அரச சார்பற்ற நிறுவனங்கள். சுனாமிக்குப் பின்னரும் யுத்தத்துக்குப் பின்னரும் மட்டக்களப்பில் எத்தனை திட்டங்கள் நடந்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், முன்னாள் போராளிகள், வன்முறைக்கு உள்ளான பெண்கள் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பயனாளிப் பட்டியல் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியதோடு இலங்கையிலும் பல திட்டங்கள் பாதியில் நின்றன. திட்டம் மூடப்பட்டால் உபகரணங்கள் வேறிடத்துக்குக் கையளிக்கப்படும் அல்லது விற்கப்படும். மேசை, கதிரையோடு சேர்த்துக் கணினியும் போகும்போது உள்ளே இருந்த பட்டியலுக்கு யார் பொறுப்பு என்று கேட்க, அந்த அலுவலகத்திலேயே ஆள் இருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வருடம் மார்ச் 19 இல் சான்றுரைப்படுத்தப்பட்டது. தேவைக்கு மேல் தரவை வைத்திருக்கக்கூடாது, வைத்திருக்கும் வரை பாதுகாக்கவேண்டும் என்பன அதன் அடிப்படைகள். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கலாம். காகிதத்தில் நல்ல சட்டம். அதன் முக்கியமான கடமைகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அதற்குச் சற்று முன்னர் அது பிற்போடப்பட்டது. ஒக்டோபரில் திருத்தச் சட்டம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

அது முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று, தனிநபர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே இணையத்தில் விளம்பரம் போட்டு விற்கப்படும் வீட்டு மடிகணினிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கும். மற்றையது, ஊடகப் பணிக்கென்று தெளிவான விதிவிலக்கு சட்டத்தில் இல்லை. ஊடக அமைப்புகள் ஆரம்பத்திலிருந்தே இதைச் சுட்டிக்காட்டி வருகின்றன. தகவல் தந்தவர்களின் விபரத்தை ஊடகவியலாளர் எப்படி வைத்திருக்கலாம், எப்போது அழிக்கலாம் என்பது அந்தளவுக்குத் தெளிவில்லாமல் இருக்கிறது.

ஆக, செங்கலடியில் ஒரு மடிகணினி கைமாறும்போது அதனுள் இருப்பவர்களைக் காப்பாற்றுவது இப்போதைக்கு விற்பவரின் பொறுப்புணர்ச்சி மட்டுமே.

அழிக்குமுன் காப்பாற்றவேண்டியவை

எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அந்த எண்ணிக்கை இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம், முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர்களும் குடும்பங்களும் பெயர்களை விடாமல் வைத்திருந்து ஆணைக்குழுக்கள் முன் சொன்னதுதான். எங்களைப் பொறுத்தவரை பதிவு என்பது ஆபத்து. அதேநேரம் சாட்சியும் அதுவே.

காப்புப்பிரதி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அரசாங்கமே எமக்குக் காட்டியிருக்கிறது. 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் தரவுகள் அழிந்துபோன விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2023 ஓகஸ்ட்டில் லங்கா அரச கிளவுட் மீது கப்பம் கோரும் தாக்குதல் நடந்தபோது, ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளக் கிடைக்கவில்லை.

எனவே துடைக்கும் முன் பிரித்தெடுக்க வேண்டும். நேர்காணல்கள், ஆவணங்கள், பழைய கட்டுரைகள் ஆகியவற்றைக் கடவுச்சொல்லிட்ட வெளி டிஸ்க்குகள் இரண்டில் பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு ஊரில் வைப்பது நல்லது. முந்தானையாறு பெருகினால் ஒரே வீட்டிலிருக்கும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே திறக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டே அனுப்பவேண்டும். இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் வாசிக்க முடியாமல் போகும்.

துடைக்கும் முறை

பிரதிகள் திறக்கின்றனவா என்று வேறொரு கணினியில் சரிபார்த்த பின்னர் செய்யவேண்டியவை இவை.

முதலில், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, கூகுள், மைக்ரோசொப்ட், முகநூல் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். தொலைபேசியில் வட்ஸ்அப்பின் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியின் இணைப்பைத் துண்டியுங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கை முழுமையாகக் குறியாக்கம் செய்யுங்கள். வின்டோஸ் புரோ பதிப்பில் பிட்லொக்கர் இருக்கிறது. இல்லாதவர்கள் வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கலாம். வெற்றிடத்தையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்யும் தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர் சாவி அழிந்துபோனால் எஞ்சியிருப்பது யாராலும் வாசிக்க முடியாத எழுத்துக் குப்பைதான்.

மூன்றாவது, ‘ரிசெட் திஸ் பிசி’ பகுதியில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதற்குள் போய் ‘கிளீன் டேட்டா’ என்பதை இயக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். இதற்குப் பல மணித்தியாலங்கள் ஆகும். பழைய மடிகணினியின் பெற்றரியை நம்பாமல் சார்ஜரில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சுழலும் வகைப் பழைய ஹாட் டிஸ்க்கை ஒருமுறை முழுமையாக மேலெழுதினால் பொதுவாகப் போதும். அமெரிக்காவின் நிஸ்ட் தர நிறுவனத்தின் வழிகாட்டலும் அதையே சொல்கிறது. 35 முறை எழுதவேண்டும் என்பது பழைய காலத்துக் கதை. எஸ்.எஸ்.டி. வகை வேறு. அது தன் தேய்மானத்தைச் சமப்படுத்த எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், மேலெழுதினாலும் சில பகுதிகள் தப்பிவிடும். அதனால்தான் முதலில் குறியாக்கம் செய்யச் சொன்னேன். தயாரித்த நிறுவனத்தின் ‘செக்கியூர் இரேஸ்’ வசதி இருந்தால் அதையும் பாவியுங்கள்.

திரை உடைந்த, உயிர்ப்பிக்க முடியாத மடிகணினியைப் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். இயந்திரம் செத்திருந்தாலும் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். சில திருகாணிகளைக் கழற்றினால் எடுத்துவிடலாம். மிகவும் பாரதூரமான விபரங்கள் இருந்தால், நல்ல மடிகணினியாக இருந்தாலும் டிஸ்க் இல்லாமலே விற்பது பாதுகாப்பானது. கொஞ்சம் விலை குறையும். நானும் அப்படித்தான் விற்றேன்.

அலுவலகங்களிடம் கேட்கவேண்டியது

தனிநபர்கள் இதைச் செய்துவிட்டாலும் பெரிய பட்டியல்கள் இருப்பது அலுவலகங்களில்தான். ஏலத்துக்கு விடும் ஒவ்வொரு கணினியிலிருந்தும் டிஸ்க் அகற்றப்பட்டது அல்லது துடைக்கப்பட்டது என்று கையெழுத்திட்ட ஒரு தாள் இருக்கவேண்டும் என்ற விதிக்குப் பெரிய நிதி தேவையில்லை. நன்கொடை தரும் நிறுவனங்கள் திட்டத்தை மூடும் நிபந்தனைகளில் இதையும் சேர்க்கலாம். கொமினிகேசன் கடைகள் மாலையில் கடை பூட்டுமுன் அன்றைய ஸ்கேன் பிரதிகளை அழிப்பதை வழக்கமாக்கலாம். ஊடகக் கற்கைகள் துறைகளிலும் ஊடக அமைப்புகளின் பயிற்சிகளிலும் நேர்காணல் எடுப்பது எப்படி என்பதோடு, எடுத்ததை எப்படி வைத்திருப்பது, எப்படி அழிப்பது என்பதும் பாடமாக வேண்டும்.

இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கடந்த ஐந்து வருடங்களில் உங்கள் பிரதேச செயலகமோ பிரதேச சபையோ வைத்தியசாலையோ எத்தனை கணினிகளைப் பாவனையிலிருந்து நீக்கியது, அவற்றின் டிஸ்க்குகளுக்கு என்ன நடந்தது, அதற்கு எழுத்துமூலப் பதிவு இருக்கிறதா என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். செங்கலடியில் இருக்கும் ஏறாவூர்ப்பற்று பிரதேச செயலகத்துக்கு அப்படியொரு விண்ணப்பத்தை நான் தயார்செய்து வைத்திருக்கிறேன். வாசகர்கள் தங்கள் பிரதேசத்திலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டால், எங்கள் பெயர்கள் எங்கெங்கே போயிருக்கின்றன என்பதற்கு முதல் தடவையாக ஒரு பதில் எழுத்தில் கிடைக்கும்.